ஈதலும் எடுத்தலும்

பொருட்செல்வத்திற்கும் கல்விச் செல்வத்திற்கும் இடையே ஒரு பெரும் வேறுபாடு உண்டு. பொன்னைப் பிறர்க்கு ஈந்தால் ஈந்தவனிடம் பொன் குறையும். நிலத்தை ஈந்தால் நிலம் கைமாறும். கல்வியை ஈந்தாலோ, ஈந்தவனிடம் அது குறைவதில்லை. பெற்றவனிடமும் சேர்ந்து இரண்டாகின்றது. இவ்வுண்மையை நாம் வகுப்பறையில் ஆண்டுதோறும் எடுத்துரைத்து வருகின்றோம். ஆசிரியத் தொழிலின் பெருமையே இதில்தான் அடங்கியுள்ளது எனலாம்.

ஆனால், இவ்வுண்மையின் மறுபக்கத்தை நாம் போதிய அளவு சிந்தித்தோமில்லை. கொடுத்தால் குறையாத ஒரு பொருளை, உடையவன் கொடுக்காமலேயே நாம் எடுத்துக்கொண்டால் அது களவாகுமா? குறைவு நேராதபோது குற்றம் எங்ஙனம் நேரும்? முற்காலத்தில் இவ்வினா தருக்கம் பயில்வோர்க்கு மட்டுமே உரியதாக இருந்திருக்கலாம். பள்ளிக்குள்ளும் இல்லத்துக்குள்ளும் கணினி நுழைந்துவிட்ட இந்நாளில், ஒவ்வோர் ஆசிரியரும் ஒவ்வொரு மாணவரும் நாள்தோறும் தம் செயலால் விடை கூறிக்கொண்டிருக்கும் வினாவாக இது மாறிவிட்டது.

மென்பொருள் என்னும் விந்தைப் பொருள்

கணினியின் உடலை வன்பொருள் என்றும், அதனை இயக்கும் கட்டளைகளின் தொகுப்பை மென்பொருள் என்றும் வழங்குகின்றோம். தச்சர் ஒருவர் ஒரு மேசை செய்ய இரண்டு நாள் உழைக்கிறார் என்று கொள்வோம். இரண்டாவது மேசைக்கும் அவருக்கு அதே மரமும் ஏறத்தாழ அதே உழைப்பும் வேண்டும். மென்பொருளின் இயல்பு அவ்வாறன்று. முதற்படியை உருவாக்கப் பலர் கூடிப் பல ஆண்டுகள் உழைக்க நேரிடும். இரண்டாம் படியோ நொடிப்பொழுதில், செலவு ஏதுமின்றிக் கிடைத்துவிடும். உழைப்பெல்லாம் முதற்படியிலேயே குவிந்து மறைந்துவிடுவதால், அடுத்த படிகள் உழைப்பின்றி விளைந்தவை போல் நம் கண்ணுக்குத் தோன்றுகின்றன. சிக்கல்கள் அனைத்திற்கும் இதுவே வேர்.

சட்டம் இதனை எவ்வாறு நோக்குகின்றது? மலேசியாவின் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்பு என்னும் வகையில் சேர்த்துப் பாதுகாக்கின்றது. சிங்கப்பூரும் அதே 1987-ஆம் ஆண்டில் இயற்றிய சட்டத்தில் அவ்வாறே செய்தது. அங்கு இப்பொழுது 2021-ஆம் ஆண்டின் புதிய சட்டம் நடைமுறையில் உள்ளது. எழுத்தாளர்கள் கூர்ந்து நோக்கத்தக்க செய்தி இது. கவிஞனின் பாடலையும் கணினி வல்லுநரின் நிரலையும் சட்டம் ஒரே இருக்கையில் அமர்த்தியிருக்கின்றது. இரண்டும் மனித அறிவின் ஆக்கம்; இரண்டும் எளிதில் படியெடுக்கத்தக்கவை.

மற்றொன்றையும் ஈண்டுக் குறிப்பிடல் வேண்டும். கடையில் மென்பொருளை வாங்கும்போது நாம் பொதுவாக அதனை உடைமையாக வாங்குவதில்லை. குறிப்பிட்ட நிபந்தனைகளுக்கு உட்பட்டுப் பயன்படுத்தும் இசைவை மட்டுமே பெறுகின்றோம். அந்த இசைவுக்குப் பெயரே உரிமம். 'ஏற்கிறேன்' என்னும் இடத்தை நாம் தொடும்போது உண்மையில் ஒரு வாக்குக் கொடுக்கின்றோம். எத்தனை பேர் அதனை வாக்காகக் கருதுகின்றோம் என்பது வேறு செய்தி.

நாட்டில் வழங்கும் மூன்று கருத்துகள்

உரிமமின்றி மென்பொருளைப் படியெடுத்துப் பயன்படுத்துவோர் தீயவர்கள் அல்லர். அடுத்த வீட்டு மரத்திலிருந்து உதிர்ந்த மாங்காயைக்கூடக் கேட்காமல் எடுக்காதவர்கள் அவர்களில் பலர் உளர். இருந்தும் இச்செயலை அவர்கள் குற்றமாகக் கருதுவதில்லை. அதற்கு அவர்கள் கூறும் காரணங்கள் மூன்று வகைப்படும்.

முதலாவது, 'எவருக்கும் இழப்பில்லையே' என்பது. இக்கருத்தை ஆசிரியர்கள் தம் அனுபவத்தைக் கொண்டே எடைபோடலாம். தேர்வு மண்டபத்தில் ஒரு மாணவன் பக்கத்தில் இருப்பவனின் விடைத்தாளைப் பார்த்து எழுதுகிறான். பார்த்து எழுதப்பட்டவனுக்கு ஒரு புள்ளியும் குறைவதில்லை. எனினும் அதனை நாம் குற்றம் என்கின்றோம், தண்டிக்கின்றோம். பிறர்க்கு வந்த கடிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டு மீண்டும் ஒட்டி வைப்பவனும் எதனையும் எடுத்துக்கொள்ளவில்லைதான். ஆயினும் அவன் செய்தது சரியென எவரும் கூறார். பொருள் குறைவது மட்டுமே களவின் அளவுகோல் அன்று என்பது இதனால் விளங்கும். 'என் உழைப்பின் பயனை இன்ன முறையில் தருவேன்' என்று சொல்லும் உரிமை உழைத்தவனுக்கு உண்டு. பொருள் குறையாவிடினும் அவ்வுரிமை பறிபோகின்றது.

இரண்டாவது கருத்து, 'அவர்கள் பெருஞ்செல்வர்கள். நம்மிடமிருந்து வராத நூறு வெள்ளியால் அவர்களுக்கு என்ன குறை?' என்பது. இதற்கு வரலாறே விடை கூறுகின்றது. 1976-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் பில் கேட்ஸ் கணினி ஆர்வலர்களுக்கு ஒரு திறந்த மடல் எழுதினார். ஆல்டேர் என்னும் சிறு கணினிக்காகத் தம் குழுவினர் எழுதிய பேசிக் நிரலைப் பெரும்பாலோர் விலை கொடுக்காமல் படியெடுத்துப் பயன்படுத்துகின்றனர் என்பதே அவரது முறையீடு. அப்பொழுது அவருக்கு அகவை இருபது. மைக்ரோசாப்ட் நிறுவனம் தொடங்கி ஓராண்டுகூட நிறைவுறவில்லை. அன்று படியெடுத்தவர்கள் ஒரு செல்வரின் பொருளை எடுக்கவில்லை. ஓர் இளைஞரின் உழைப்பை எடுத்தனர். பிற்காலத்தில் அவர் உலகப் பெருஞ்செல்வராக உயர்ந்தார் என்பதால் அன்றைய செயலின் தன்மை மாறிவிடுமா? எடுக்கும் பழக்கம் உடையவனின் செல்வத்தை அளந்து பார்த்துவிட்டு எடுப்பதில்லை என்பதே உண்மை.

விலை மிகுதி என்னும் குறையை நான் புறந்தள்ளவில்லை. செல்வ நாட்டினரின் வருவாயை மனத்தில் கொண்டு வகுக்கப்பெற்ற விலை, தோட்டப்புறத்துப் பெற்றோர்க்குப் பெருஞ்சுமை என்பதை மறுப்பதற்கில்லை. வறுமை ஒரு செயலை மன்னிக்கத்தக்கதாக ஆக்கலாம், அறச்செயலாக ஆக்கிவிடாது. மன்னிப்பும் ஒப்புதலும் வெவ்வேறு.

மூன்றாவது கருத்து ஆசிரியர்களாகிய நம்மிடையே மிகுதியாக வழங்குவது: 'கல்விக்காகத்தானே செய்கின்றோம்' என்பது. கல்விக்கும் ஆய்வுக்கும் சட்டமே வரையறைக்குட்பட்ட சில விலக்குகளை வழங்கியிருக்கின்றது. அவற்றைப் பயன்படுத்துவதில் தவறில்லை. ஆனால், அவ்வரையறையைக் கடந்து செல்லும்போது நாம் நோக்கத்தைக் காட்டி வழியை மறைக்கின்றோம். வகுப்பறையில் மாணவன் நாம் சொல்லுவதை மட்டும் கற்பதில்லை. நாம் செய்வதையும் கற்கின்றான். பூட்டை உடைத்த மென்பொருளைக் கொண்டு நன்னெறிப் பாடம் நடத்தும் ஆசிரியரிடம் இருந்து அம்மாணவன் எந்தப் பாடத்தைக் கொண்டு செல்வான்?

சிலர் ஏட்டுச்சுவடிகளைச் சான்று காட்டுவர். நம் முன்னோர் ஏடுகளைப் பெயர்த்தெழுதியிராவிட்டால் சங்க நூல்கள் நமக்குக் கிடைத்திருக்குமா என்பர். நியாயமான வினாவே. தலைமுறை தலைமுறையாகப் படியெடுத்தோர் இருந்தமையால்தான் உ. வே. சாமிநாதையர் 1894-இல் புறநானூற்றை அச்சில் கொண்டுவர இயன்றது. ஆனால், அவர்கள் செல்லுக்கும் நெருப்புக்கும் இரையாகவிருந்த செல்வத்தைக் காத்தனர். அந்நூல்களின் ஆசிரியர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே மறைந்தவர்கள். அவர்களுள் எவரும் 'படியெடுக்காதீர்' என்று கூறிச் சென்றதில்லை. வாழ்ந்துகொண்டிருக்கும் ஒருவர் 'இன்ன விலைக்குத் தருகிறேன்' என்று கூறிய பின் அதனைப் படியெடுப்பதற்கு அத்தூயோரின் பெயரைத் துணைக்கு அழைத்தல் முறையன்று.

திருவள்ளுவர் ஈகைக்கு ஓர் அதிகாரமும் கள்ளாமைக்கு ஓர் அதிகாரமும் தனித்தனியே வகுத்தார். ஈகை இல்லறவியலில் நிற்கின்றது. கள்ளாமை துறவறவியலில் நிற்கின்றது. ஒன்று மற்றொன்றை ஈடுசெய்யாது என்று நாம் இதனின்றும் கொள்ளலாம். ஈதல், உடையவன் செய்யும் அறம். பிறன் பொருளைக் கொண்டு நாம் ஈகை செய்தல் இயலாது. அறிவு பகிரப்பட வேண்டும் என்னும் உயர்ந்த கொள்கை, அறிவை உடையவனை நோக்கிக் கூறப்பட்டதேயன்றி, எடுக்க விழைபவனுக்குக் கொடுக்கப்பட்ட அனுமதிச் சீட்டு அன்று.

மதில் எழுப்புவோர்

இவ்வாறு கூறுவதால் உடையவன் செய்வதெல்லாம் அறம் என்றாகிவிடாது. கேள்வி அவர்களையும் நோக்கித் திரும்ப வேண்டும். இங்கே பதிப்புரிமைக்கும், பேட்டன்ட் எனப்படும் காப்புரிமைக்கும் உள்ள வேறுபாட்டை அறிதல் நலம்.

பதிப்புரிமை, எழுதப்பட்ட வடிவத்தைப் பாதுகாப்பது. 'எங்கள் தோட்டம்' என்னும் தலைப்பில் நீங்கள் எழுதிய கட்டுரையை நான் படியெடுக்கக் கூடாது. அதே தலைப்பில் நானே சிந்தித்து வேறொரு கட்டுரை எழுதத் தடையில்லை. காப்புரிமையோ கண்டுபிடிப்பையே பாதுகாப்பது. கண்டுபிடித்தவர் அதனை உலகறிய விளக்கி எழுதவேண்டும். அதற்கு ஈடாகப் பொதுவாக இருபது ஆண்டுகளுக்குத் தனியுரிமை பெறுவார். மற்றொருவர் எதனையும் பார்க்காமல் தாமே சிந்தித்து அதே வழியைக் கண்டுபிடித்தாலும் அதனைப் பயன்படுத்த இயலாது. இயந்திரங்களுக்கு இம்முறை ஏற்புடையதாக இருக்கலாம். கணினி நிரல் பெரும்பாலும் கணக்கும் தருக்கமும் ஆகும். நெடுவகுத்தல் முறையை முதலில் கண்டவருக்கு அத்தகைய உரிமை வழங்கப்பட்டிருந்தால், நம் மூன்றாம் ஆண்டு மாணவன் ஒவ்வொரு கணக்குக்கும் கட்டணம் செலுத்த வேண்டியிருக்குமன்றோ?

நீதிமன்றங்களும் இதில் தடுமாறியே வந்துள்ளன. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1972-இல், எண்களை ஒரு முறையிலிருந்து மற்றொரு முறைக்கு மாற்றும் கணக்கு வழிக்குக் காப்புரிமை இல்லை என்று தீர்ப்பளித்தது. 1981-இல் வந்த மற்றொரு வழக்கு, ரப்பரோடு வாழ்ந்த நம் சமுதாயத்தின் கவனத்திற்குரியது. செயற்கை ரப்பரை அச்சில் இட்டுப் பதப்படுத்தும்போது, உள்ளிருக்கும் வெப்பத்தை இடைவிடாது அளந்து, அச்சைத் திறக்கவேண்டிய நேரத்தைக் கணினியால் கணக்கிடும் முறை அது. நடுவர்கள் ஒன்பதின்மரில் ஐவர், அது வெறும் கணக்கு அன்று, ரப்பரைப் பதப்படுத்தும் தொழில்முறை என்று கூறிக் காப்புரிமைக்கு வழிவிட்டனர். நால்வர் மறுத்தனர். அவ்வாசல் திறந்த பின் பற்பல நிரல்களுக்குக் காப்புரிமை வழங்கப்பட்டது. 2014-இல் அதே நீதிமன்றம், பொதுவான ஒரு கருத்தைக் கணினியில் செய்து காட்டுவதால் மட்டும் அது காப்புரிமைக்குரியதாகாது என்று மீண்டும் எல்லையைச் சுருக்கியது.

மதில் எத்துணைத் தொல்லை தரும் என்பதற்கு ஜிஃப் என்னும் பட வடிவத்தின் வரலாறு சான்றாகும். 1987-இல் வெளிவந்த அவ்வடிவத்தை உலகம் முழுதும் தடையின்றிப் பயன்படுத்தி வந்தது. அதனுள் படத்தைச் சுருக்கும் கணக்கு வழி ஒன்று இருந்தது. அதற்கான காப்புரிமை யூனிசிஸ் நிறுவனத்திடம் இருந்தது. 1994-ஆம் ஆண்டின் இறுதியில், அவ்வடிவத்தைக் கையாளும் மென்பொருள்களை ஆக்குவோர் கட்டணம் செலுத்த வேண்டும் என்னும் அறிவிப்பு வந்தது. பல ஆண்டுகள் எல்லாரும் நடந்த பாதையில் திடீரென்று ஒரு வாயிற்கதவு எழுந்தது போலாயிற்று. வல்லுநர்கள் என் செய்தனர்? கதவை உடைக்கவில்லை. வேறு கணக்கு வழியைக் கொண்டு 1996-இல் பிஎன்ஜி என்னும் புதிய வடிவத்தை ஆக்கி உலகுக்கு உரிமையாக்கினர். அமெரிக்காவில் அக்காப்புரிமை 2003-இல் முடிவுற்றது. புதிய வடிவமோ இன்றும் நம் கணினிகளில் வாழ்கின்றது.

கொடுத்தவர்கள்

இந்த வரலாற்றில் ஒரு பெரும் பாடம் உள்ளது. மதிலுக்கு மாற்று, திருட்டு அன்று. மற்றொரு வழியை உழைத்து அமைத்தலே ஆகும். இதனை வாழ்ந்து காட்டியவர் அமெரிக்கரான ரிச்சர்ட் ஸ்டால்மன். ஒரு நிரலை நண்பரோடு பகிர்ந்துகொள்ளமாட்டேன் என்று கட்டுப்படுத்தும் உரிமத்தில் கையெழுத்திடத் தம் மனச்சான்று இடம் தரவில்லை என்றார் அவர். பகிர்தலைக் களவு என்று அழைப்பதையே அவர் ஏற்றுக்கொள்வதில்லை. அக்கருத்தில் நான் அவரோடு முழுதும் உடன்படவில்லை. எனினும் அவர் செய்த செயல் போற்றற்குரியது. கையெழுத்திட்டுவிட்டுப் பின்னர் வாக்கை மீறும் எளிய வழியை அவர் நாடவில்லை. கையெழுத்திட மறுத்து, 1983-இல் குனு என்னும் பெயரில் முழு இயங்குதளம் ஒன்றையே புதிதாக எழுதப்போவதாக அறிவித்தார். 1989-இல் அதற்கென ஓர் உரிமத்தையும் வகுத்தார். எவரும் பயன்படுத்தலாம், ஆராயலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம். வழங்குபவர் தாம் பெற்ற அதே உரிமைகளைப் பெறுபவர்க்கும் தரவேண்டும் என்பது அதன் சாரம். 1991-இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ், அடுத்த ஆண்டே அவ்வுரிமத்தின்கீழ் வந்தது. 1993-ஆம் ஆண்டு ஏப்ரல் 30-ஆம் நாள், செர்ன் ஆய்வு நிறுவனம் உலகளாவிய வலை என்னும் தன் மென்பொருளைக் கட்டணமின்றி எவரும் பயன்படுத்தப் பொதுவுடைமையாக்கியது.

கட்டற்ற மென்பொருளுக்கும் உரிமம் உண்டு என்பதை மாணவர்கள் உணர்தல் வேண்டும். கொடையும் ஒரு வாக்கின் மேல்தான் நிற்கின்றது. விற்பவனின் வாக்கை மதியாதவன் கொடுப்பவனின் வாக்கையும் மதிக்கமாட்டான்.

நம் மொழியில் நேர்ந்தது

தமிழ் கணினியில் ஏறிய கதையும் இத்தகைய உழைப்பின் கதையே. சிங்கப்பூர்ச் சிறுகதை எழுத்தாளரும் விரிவுரையாளருமான அமரர் நா. கோவிந்தசாமி 'கணியன்' என்னும் தமிழ் மென்பொருளை உருவாக்கினார். 1995-இல் சிங்கப்பூர்த் தமிழ்க் கவிதைகள் இணையத்தில் இடம்பெறப் பாடுபட்டார். 1997-இல் சிங்கப்பூரில் முதல் தமிழிணைய மாநாடு நடைபெறுவதற்கும் அவர் முன்னின்றார். 1999-இல் மறைந்த அவரை நம் மாணவர் எத்தனை பேர் அறிவர்? மலேசியரான முத்து நெடுமாறன் 'முரசு அஞ்சல்' மென்பொருளை ஆக்கினார். 2005-இல் சிங்கப்பூரில் தொடக்கம் கண்ட அவரது 'செல்லினம்' கைப்பேசியில் தமிழ் எழுத வழிவகுத்தது. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து உலகத் தமிழர்க்கு இலவசமாக வழங்கி வருகின்றனர்.

தொடக்கக் காலத்தில் எழுத்துரு ஆக்குநர் ஒவ்வொருவரும் தத்தமக்கென ஒரு குறியீட்டு முறையைக் கைக்கொண்டனர். ஒருவரின் எழுத்துருவில் தட்டச்சு செய்த கட்டுரை மற்றொருவரின் கணினியில் பொருளற்ற குறிகளாய்த் தோன்றியது. தனித்தனி மதில்களுக்குள் தமிழ் சிறைப்பட்டுக் கிடந்தது எனலாம். பொதுத்தரம் வேண்டும் என்று பலர் கூடி உழைத்ததனாலும், ஒருங்குறி பரவலாக ஏற்கப்பட்டதனாலும் அச்சிறை உடைந்தது. அதனை உடைத்தது திருட்டுப்படி அன்று. கூடிப் பேசி ஒப்புக்கொண்ட பொதுமை.

இப்பொழுது நம் சொந்த வீட்டை நோக்குவோம். இந்நாட்டுத் தமிழ் எழுத்தாளர் ஒருவர் தம் சேமிப்பை எடுத்துச் சில நூறு படிகள் அச்சிடுகிறார். வெளியீட்டு விழாவில் மாலை விழுகின்றது. பின்னர் ஒரு பள்ளி ஒரே ஒரு படியை வாங்குகின்றது; நாற்பது மாணவர்க்கு ஒளிநகல் எடுக்கின்றது. அல்லது நூல் முழுவதும் படமாக்கப்பட்டுப் புலனக் குழுக்களில் உலா வருகின்றது. அனுப்புபவர் தாம் தமிழ்த்தொண்டு செய்வதாகவே நம்புகின்றார். தமிழ் மென்பொருளுக்கும் பயிற்சி நூலுக்கும் நேர்வது இதுவே. அயல்நாட்டுப் பெருநிறுவனத்திடம் பழகிய கை, அண்டை வீட்டுத் தமிழனிடம் வந்து தயங்குவதில்லை. பெருநிறுவனம் அதனைத் தாங்கிக்கொள்ளும். சில நூறு படிகளை நம்பியிருக்கும் தமிழ்ப் படைப்பாளி தாங்கமாட்டார். அடுத்த நூலை எழுதாமலே இருந்துவிடுவார். நாம் படியெடுத்தது ஒரு நூலை. இழந்தது எழுதப்படாமற்போன அடுத்த நூலை. 'எவருக்கும் இழப்பில்லை' என்று கூறுவோர் இவ்விழப்பைக் கணக்கில் கொள்ளுதல் வேண்டும்.

நாம் செய்யத்தக்கவை

மலேசியாவில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றின் ஆசிரியர்கள் உறுதி கொண்டால் ஒரு நல்ல மரபை உருவாக்கலாம். பணம் இல்லாத இடத்தில் லிப்ரே ஆபீஸ் போன்ற கட்டற்ற மென்பொருள்களைப் பயன்படுத்தலாம். பள்ளிக் கடிதத்திற்கும் பயிற்றித்தாளுக்கும் அதுவே போதும். அதில் தமிழில் தட்டச்சு செய்யத் தடையேதும் இல்லை. விலைக்கு விற்கப்படும் மென்பொருள் இன்றியமையாததாயின் விலை கொடுத்தோ, பள்ளிகளுக்கென வழங்கப்படும் சலுகையைக் கேட்டுப் பெற்றோ பயன்படுத்தலாம். தமிழ்ப் படைப்பாளியின் நூலோ மென்பொருளோ வேண்டுமாயின் அவரிடமே கேட்கலாம். இசைவு தருபவர் நாம் நினைப்பதைவிட மிகுதியானவர்.

அதனினும் சிறந்த ஒன்றுண்டு. ஆசிரியராகிய நாமும் படைப்பாளிகளே. நாம் ஆக்கும் பயிற்றித்தாள்கள், பாடக் குறிப்புகள், வினாத்தொகுப்புகள் நம்முடையவை. அவற்றைப் பூட்டி வைப்பதா, பகிர்வதா என்று முடிவெடுக்கும் உரிமை நமக்கு உண்டு. அறிவு கொடுக்கக் கொடுக்க வளரும் என்று உண்மையாகவே நம்புவோமாயின், அக்கொள்கையை மெய்ப்பிக்க வேண்டிய இடம் பிறருடைய மென்பொருள் அன்று. நம்முடைய மேசை இழுப்பறை. அங்கிருப்பதை நம் பெயரிட்டு, 'எல்லாரும் பயன்படுத்தலாம்' என்று ஒரு வரி எழுதி அடுத்த பள்ளிக்கு அனுப்புவோம்.

பிறர் உழைப்பை எடுக்குமுன் கேட்போம். நம் உழைப்பைக் கேட்குமுன் கொடுப்போம். இவ்விரண்டையும் ஒருசேரக் கற்ற தலைமுறையிடம் தமிழும் அறிவும் தாமே பெருகும்.